பருவுக்கு இடும் ஜெல்லும் ஹோம்ஸ்பர்க் சிறையும்

சங்கப் பாடல்களில் பெண்ணின் தோலுக்குத் தனி அகராதியே இருக்கிறது. மாமை அவளுடைய நிறம். சுணங்கு அவள் மார்பில் படரும் தேமல். வேங்கைப் பூவோடு ஒப்பிட்டுப் புகழப்படுவது. திதலை அடிவயிற்றில் தோன்றும் வரி. பசலை பிரிவினால் படரும் நிறமாற்றம். அவன் வந்தால் மறையும், போனால் மீண்டும் பூக்கும். இவற்றைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். இந்தச் சொற்களெல்லாம் தோலைப் பார்ப்பவரின் பக்கம் நின்று பிறந்தவை என்பதே ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும். தலைவியே பேசும் பாட்டிலும் அவள் தன் தோலை அவன் கண்வழியாகத்தான் படிக்கிறாள். அது அரித்ததா, எரிந்ததா, வலித்ததா என்று யாரும் கேட்பதில்லை.

முகப்பருவுக்கு அந்த அகராதியில் இடமில்லை. ஆனால் பார்ப்பவரின் பக்கம் நின்று பெண்ணின் தோலைப் படிக்கும் வழக்கம் மட்டும் அப்படியே தொடர்கிறது. பதினெட்டு வயதுப் பெண்ணின் கன்னத்தில் பரு வந்தால், "யாரை நினைச்சுக்கிட்டு இருக்கே?" என்று வீட்டுக்குள்ளேயே கேலி கிளம்பும். "மூஞ்சியைச் சரியா கழுவறதில்லை" என்று ஒருவர். "பொண்ணு பார்க்க வர்றதுக்குள்ள சரியாகிடணும்" என்று இன்னொருவர். பரு என்பது மயிர்க்காலுக்குள் எண்ணெய்ப் பிசுக்கும் உதிர்ந்த செல்களும் சேர்ந்து அடைத்துக்கொண்டு, உள்ளே பாக்டீரியா பெருகி, அந்த இடம் வீங்கிச் சிவக்கும் ஒரு தோல் நோய். பருவ வயதில் ஆண் பெண் இருவருக்கும் சுரக்கும் ஹார்மோன்கள் அதைத் தூண்டுகின்றன. ஆசைக்கும் ஒழுக்கத்துக்கும் அதில் பங்கில்லை. பையனின் முகத்தில் வந்தால் அது வயது. பெண்ணின் முகத்தில் வந்தால் அது குறை.

இந்த நோய்க்கு மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்துகளில் முதன்மையானவை ரெட்டினாய்டு வகை ஜெல்களும் கிரீம்களும்: ட்ரெட்டினாயின், அடாபலீன். விரல் நீள ட்யூப்பில், நான்காக எட்டாக மடித்த பொடி எழுத்து ஆங்கிலத் தாளோடு இவை நம் மாணவிகளின் கைக்கு வருகின்றன. இந்த ட்யூப்பின் வரலாறும் இதை இடும் முறையும் இரு வேறு விஷயங்கள் அல்ல என்பது என் எண்ணம். யாருடைய தோலில் யார் எதைத் தடவினார்கள், தடவப்பட்டவருக்கு என்ன சொல்லப்பட்டது என்ற கேள்வி இரண்டையும் இணைக்கிறது.

கதை வைட்டமின் ஏ-யில் தொடங்குகிறது. 1913இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எல்மர் மெக்காலம், மார்கரெட் டேவிஸ் என்ற இருவர், வெண்ணெயிலும் முட்டை மஞ்சள் கருவிலும் உள்ள ஏதோ ஒரு பொருள் இல்லாவிட்டால் எலிகள் வளர்வதில்லை என்று கண்டு எழுதினார்கள். பின்னாளில் வைட்டமின் ஏ என்று பெயர் பெற்றது அதுதான். எலிகளைப் பராமரித்து, உணவு மாற்றி, எடை பார்த்த வேலையில் பெரும்பங்கு டேவிஸுடையது. அவர் அந்த ஆய்வுக்கூடத்தில் சம்பளமில்லாமல் வேலைக்குச் சேர்ந்தவர். வைட்டமின் ஏ குறைந்தால் தோல் வறண்டு, மயிர்க்கால்கள் அடைத்து முள்முள்ளாகும் என்பது பிறகு தெரிந்தது. அப்படியானால் வைட்டமின் ஏ-யின் அமில வடிவத்தைத் தோலின்மேலே தடவினால் அடைப்பு விலகுமா என்று 1960களின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருத்துவர்கள் முயன்றார்கள். அந்த அமிலமே ட்ரெட்டினாயின். வேலை செய்தது, கூடவே தோலை எரித்துச் சிவக்கவும் வைத்தது. அதைப் பருவுக்கான மருந்தாக ஆக்கியவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன்.

கிளிக்மன் 1951இல் பிலடெல்பியா நகரின் ஹோம்ஸ்பர்க் சிறைக்குள் நுழைந்தார். கைதிகளிடையே பரவியிருந்த பாதப் படைக்கு வைத்தியம் பார்க்கத்தான் அவரை அழைத்தார்கள். உள்ளே போனவர் கண்டது நோயாளிகளை அல்ல. தன் முன்னே ஏக்கர் கணக்கில் தோல் விரிந்து கிடந்ததாகவும், வளமான நிலத்தை முதன்முதலில் காணும் உழவனைப் போலத் தான் உணர்ந்ததாகவும் 1966இல் ஒரு செய்தித்தாளிடம் அவரே சொன்னார். ஆலன் ஹார்ன்பிளம் 1998இல் அந்தச் சிறை பற்றி எழுதிய புத்தகத்துக்கு அந்த வாசகமே தலைப்பாயிற்று. பெண்ணுடலை நிலமாகவும் விளைபொருளாகவும் பேசும் மொழியோடு பழகிய நமக்கு இந்த உவமை புதிதில்லை. உடையவர் இல்லாத நிலமாக ஓர் உடலைப் பார்க்கும் கண், எந்த உடல் கைக்கெட்டுகிறதோ அதைத் தேர்ந்துகொள்கிறது.

1974 வரை அங்கே சோதனைகள் நடந்தன. சோப்பு, ஷாம்பு, வாசனைத் திரவியம் தொடங்கி, டௌ கெமிக்கல் நிறுவனத்துக்காக டையாக்சின் என்ற கொடிய நச்சு வரை கைதிகளின் முதுகிலும் முகத்திலும் தடவிப் பார்க்கப்பட்டது. ட்ரெட்டினாயினும் அங்கே சோதிக்கப்பட்டது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின ஆண்கள். தண்டனை பெற்றவர்கள் மட்டுமல்ல, பிணைத்தொகை கட்ட வழியில்லாமல் விசாரணைக்குக் காத்துக் கிடந்தவர்களும் இருந்தார்கள். சிறையின் மற்ற வேலைகளுக்குக் காசு கணக்கில் கூலி. முதுகைக் காட்டினால் டாலர் கணக்கில். அவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். என்ன தடவப்படுகிறது, அது என்ன செய்யும் என்பது அந்தக் காகிதத்தில் இல்லை. பசித்தவனிடம் வாங்கிய கையெழுத்தை இசைவு என்று சொல்ல முடியுமா என்ற கேள்வியை அந்நாட்டுச் சட்டம் 1970களின் பிற்பகுதியில்தான் கேட்டது; 1978இல் கைதிகள் மீதான ஆய்வுகளுக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது.

பருவுக்கு ட்ரெட்டினாயின் பயன்படும் என்ற கிளிக்மன் குழுவின் கட்டுரை 1969இல் வெளிவந்தது. 1971இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 'ரெட்டின்-ஏ' என்ற பெயரில் அதற்கு ஒப்புதல் அளித்தது. மருந்து விற்பனைக்கு வந்தபின் அடுத்த பெரிய கண்டுபிடிப்பு பெண்களிடமிருந்து வந்தது. பருவுக்காக இதைத் தடவிக்கொண்ட நடுவயதுப் பெண்கள், தோல் மிருதுவாகிறது, சுருக்கம் குறைகிறது என்று மருத்துவரிடம் சொன்னார்கள். 1986இல் அது கட்டுரையானது. 1988இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு வெளியானதும் மருந்துக்கடைகளில் கூட்டம் அலைமோதியது. இலாபம் யாருக்கு என்று கிளிக்மனோடும் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தோடும் பல்கலைக்கழகம் வழக்காடிச் சமரசம் ஆயிற்று. தோலைக் கொடுத்த ஆண்களும், கண்டு சொன்ன பெண்களும் அந்தக் கணக்கில் வரவில்லை. 2000இல் முன்னாள் கைதிகள் ஏறத்தாழ 300 பேர் வழக்குத் தொடுத்தார்கள். காலம் கடந்துவிட்டது என்று தள்ளுபடியானது. பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 2021இலும் பிலடெல்பியா நகரம் 2022இலும் மன்னிப்புக் கேட்டன. கிளிக்மன் 2010இலேயே இறந்திருந்தார். மன்னிப்பு வரும்முன் இறந்த கைதிகள் ஏராளம்.

இதே மருந்துக் குடும்பத்தில் பெண்ணுடலின் கதை வேறு வழியில் போனது. ட்ரெட்டினாயினின் நெருங்கிய உறவான ஐசோட்ரெட்டினாயின், கடும் பருவுக்கு விழுங்கும் மாத்திரையாக 1982இல் 'அக்குட்டேன்' என்ற பெயரில் அமெரிக்காவில் வந்தது. விலங்குச் சோதனைகளில் கருவைச் சிதைப்பது முன்பே தெரியும், எச்சரிக்கையும் அச்சிட்டிருந்தார்கள். ஆயினும் ஓரிரு ஆண்டுகளுக்குள், இதயத்திலும் மூளையிலும் காதிலும் குறைகளோடு குழந்தைகள் பிறப்பதாகச் செய்திகள் வந்தன. 1985இல் அது ஆய்வாகப் பதிவானது. அதன்பின் மாத்திரை அட்டையில் கர்ப்பிணி உருவத்தின் குறுக்கே கோடு போட்ட படம் அச்சானது. சில பெண்கள் அதைக் கருத்தடை மாத்திரையின் அடையாளம் என்றே புரிந்துகொண்டார்கள். 2006இல் அங்கே ஒரு பதிவுத் திட்டம் கட்டாயமானது: கருத்தரிக்கக்கூடியவர் மாதந்தோறும் பரிசோதனை செய்ய வேண்டும், இரண்டு வகைக் கருத்தடை கைக்கொள்ள வேண்டும், கையெழுத்திட வேண்டும்.

இதில் இரண்டு உண்மைகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஆபத்து மெய்யானது, எச்சரிக்கை தேவை. அதே சமயம், அந்நாட்டு நிர்வாகம் 1977 முதல் 1993 வரை, கருத்தரிக்கக்கூடிய பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளில் சேர்க்கக் கூடாது என்ற நெறியை வைத்திருந்தது. சோதனையில் பெண்ணுக்கு இடமில்லை. விற்பனையில் அவள் முதல் வாடிக்கையாளர். தீங்கு நேர்ந்தால் கண்காணிப்பு முழுவதும் அவள் கருப்பையின்மேல். காப்பது வேறு, காவல் காப்பது வேறு. பெண்ணுக்கு முழு விவரத்தையும் சொல்லி முடிவை அவளிடம் விடுவது முதலாவது. அவளை நம்பாமல் படிவம் நிரப்பச் சொல்வது இரண்டாவது.

நம் ஊரில் இந்த இரண்டும் இல்லை. இங்கே வேறொன்று நடக்கிறது. 1975இல் கிளிக்மன் இன்னொரு கலவையை வெளியிட்டார்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. மூன்றும் சேர்ந்தால் தோலின் கருமை குறையும். மங்கு போன்ற நோய்க்கு, மருத்துவர் கண்காணிப்பில், குறுகிய காலத்துக்கு அது மருந்து. இந்தியாவில் அதன் மாற்று வடிவங்கள் சிவப்பழகுக் கிரீமாகவும் பருக் கிரீமாகவும் மருந்துச் சீட்டு இல்லாமல் கைமாறின. கறுப்புத் தோல்களை நிலமாகக் கண்டவரின் கலவை, கறுப்பைக் குறையாகக் காணும் நம் சமூகத்தில் நல்ல விளைச்சல் கண்டது. ஸ்டீராய்டால் பாழான முகங்களுக்கென்று இந்தியத் தோல் மருத்துவர்கள் தனிப் பெயரே வைக்க வேண்டி வந்தது. அவர்கள் தொடர்ந்து குரல் கொடுத்தபின், 2018இல் ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத 'எச்' பட்டியலுக்குள் ஒன்றிய அரசு கொண்டுவந்தது. பட்டியல் மாறியது, கடை வழக்கம் அவ்வளவு எளிதில் மாறவில்லை.

என் வகுப்பில் முதலாண்டு மாணவி ஒருத்தி முகத்தைத் துப்பட்டாவால் மூடியபடியே உட்கார்ந்திருப்பாள். ஊரில் மருந்துக்கடையில் "பருவுக்கு ஏதாவது குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கிய ட்யூப். ஒரே வாரத்தில் பரு அடங்கி நிறமும் வெளுத்ததில் வீடே மகிழ்ந்திருக்கிறது. மூன்றாம் மாதம் தோல் மெலிந்து, கன்னத்தில் இரத்த நரம்புகள் தெரிந்து, மேலுதட்டில் முடி வளர்ந்து, வெயிலில் பேருந்துக்கு நிற்க முடியாத எரிச்சல். தடவுவதை நிறுத்தினால் முன்னைவிட மோசமாகப் பரு கிளம்பியது. அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் அந்த ட்யூப்பை வாங்கிப் பார்த்த பெண் மருத்துவர், பெட்டியில் இருந்த ஒரு பெயரை விரலால் சுட்டினார்: மொமெட்டசோன். "இது பரு மருந்தே இல்லம்மா." சரியாகப் பல மாதங்கள் ஆயின. கல்லூரியை விட்டு நிற்கவும் அவள் யோசித்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆகவே, பெயரைப் படிப்பதுதான் முதல் பாதுகாப்பு. பெட்டியின் முகப்பில் இருக்கும் வணிகப் பெயரை விடுங்கள்; கீழே சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ட்ரெட்டினாயின், அடாபலீன் என்று மட்டும் இருந்தால் அது ரெட்டினாய்டு. கூடவே மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், புளுசினோலோன் இருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. பருவுக்கு அது வேண்டாம். ஏற்கெனவே பல வாரம் தடவியிருந்தால் மருத்துவரைப் பார்த்து அவர் சொல்லும் முறையில் விடுங்கள்.

மருத்துவர் எழுதித் தந்த ரெட்டினாய்டு ஜெல்லை இடும் முறையும் அந்த வரலாற்றிலிருந்தே விளங்கும். எரிச்சல் இந்த மருந்தோடு கூடப் பிறந்தது; அதனால்தான் அளவு சிறியது. முகம் முழுமைக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். மென்மையான சோப்பால் இரவில் முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய இருபது முப்பது நிமிடம் விட்டு, நெற்றி, கன்னங்கள், தாடையில் புள்ளி வைத்து மெல்லப் பரப்ப வேண்டும். பருவின் தலையில் மட்டும் வைப்பது பயனில்லை. இனி அடைக்கப்போகும் மயிர்க்கால்களைத் திறந்து வைப்பதே இதன் வேலை. கண், உதட்டோரம், மூக்கு மடிப்பு, புண் உள்ள இடம் ஆகியவற்றைத் தவிருங்கள். முதல் சில வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். தோல் பழகியபின் தினமும் இடலாம். மேலே ஈரப்பதக் கிரீம் தடவுவது மருந்தைக் கெடுக்காது, எரிச்சலைக் குறைக்கும்.

"மேம், முகம் உரியுதே, பரு கூடுதே, விட்டுடலாமா?" என்று மூன்றாம் வாரத்தில் கேட்பார்கள். தொடக்கத்தில் தோல் உரிவதும் பரு கொஞ்சம் கூடுவதும் இயல்பு. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். வீக்கம், கொப்புளம், தாங்க முடியாத எரிச்சல் வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஒரே வாரத்தில் முகத்தை மாற்றிக் காட்டும் மருந்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இந்த ஜெல் இடும் நாட்களில் வெயில் சுடும், காலையில் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், குடை, துப்பட்டா மூன்றும் உதவும். எலுமிச்சைச் சாறு, ஸ்க்ரப், ப்ளீச், வேக்சிங் இவற்றை முகத்தில் நிறுத்திவையுங்கள். கூடவே பென்சாயில் பெராக்சைடு எழுதியிருந்தால், ட்ரெட்டினாயினோடு ஒரே நேரத்தில் இடாமல் காலையில் இடுவது வழக்கம். ஒன்றாக இட்டால் ட்ரெட்டினாயின் சிதையும். 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அடாபலீன் அப்படிச் சிதைவதில்லை. அதனால் இரண்டும் கலந்த ஜெல்லே கிடைக்கிறது. பெராக்சைடு தலையணை உறையையும் தாவணியையும் வெளுக்கும். வெள்ளைத் துணி பயன்படுத்துங்கள். கிளிண்டாமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் இட்டால் பாக்டீரியா பழகிவிடும். அறைத்தோழியின் ட்யூப்பை இரவல் வாங்காதீர்கள். அவளுக்கு எழுதியது அவளுக்கே.

கர்ப்பமாக இருந்தால், கருத்தரிக்கத் திட்டமிட்டால், ஜெல்லையும் நிறுத்தி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தோல்வழியே உடலுக்குள் செல்லும் அளவு மிகக் குறைவுதான். ஆயினும் 2018இல் ஐரோப்பிய மருந்து முகமை, கர்ப்பக் காலத்தில் இவற்றைத் தடவவும் கூடாது என்று உறுதிப்படுத்தியது. தெரியாமல் சில நாள் இட்டுவிட்டால் பதறாமல் மருத்துவரைக் கேளுங்கள். மாத்திரையின் ஆபத்தும் ஜெல்லின் ஆபத்தும் ஒன்றல்ல. மணமாகாத பெண்ணிடம் இந்தக் கேள்வியைக் கேட்க நம் மருத்துவர்கள் கூசுகிறார்கள். பதில் சொல்ல அவள், பக்கத்தில் நிற்கும் அம்மாவைப் பார்க்கிறாள். அந்தக் கூச்சத்தின் விலையையும் அவள் உடலே கொடுக்க நேரும். கேட்கவில்லையென்றால் நாமே சொல்ல வேண்டும். மாதவிடாய் ஒழுங்கில்லாமல், தாடையில் முடியும் விடாத பருவும் சேர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். சினைப்பை நீர்க்கட்டியாக இருந்தால் ஜெல் மட்டும் போதாது.

இவ்வளவு கறைபட்ட வரலாறு உள்ள மருந்தை வேண்டாம் என்று ஒதுக்கலாமே என்று கேட்கக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. வேலை செய்யும் மருந்து இது. முகத்தில் நிலைக்கும் தழும்பைத் தடுக்கவும், வலிக்கும் கட்டிகளோடு வாழ வேண்டாம் என்று முடிவெடுக்கவும் ஒரு பெண்ணுக்கு உரிமை இருக்கிறது. பருவை அப்படியே விட்டுவிடவும் அவளுக்கு உரிமை இருக்கிறது. அது யார் கண்ணுக்கும் செய்யும் துரோகமல்ல. ஹோம்ஸ்பர்க்கில் மறுக்கப்பட்டது மருந்து அல்ல, விவரம். ஆகவே மருத்துவர் அறையை விட்டு எழும்முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதில் என்ன இருக்கிறது? எவ்வளவு நாள் இட வேண்டும்? எது நேர்ந்தால் நிறுத்த வேண்டும்? பதிலைத் தமிழில், கையால், சீட்டின் பின்புறம் எழுதித் தரச் சொல்லுங்கள். அவருக்கு நேரமில்லை என்றால் அவர் சொல்வதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நம் தோலைப் பற்றிய அகராதியில் நம் கையெழுத்தில் ஏறும் முதல் வரிகளாக அவை இருக்கட்டும்.